‘ஏதோ பூச்சி கடிச்சிடுச்சு’

நம் வயல்களில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. களை எடுக்கும் அம்மா சொல்வார், வைக்கோல் பிடுங்கப் போன பையன் சொல்வான், சனி ஞாயிறு மட்டும் பண்ணைக்கு வரும் ஐ.டி. இளைஞரும் சொல்வார். உடனே நாலு பேர் நாலு வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் சுண்ணாம்பு வை என்பார், ஒருவர் வெங்காயம் தேய் என்பார், இன்னொருவர் குப்பைமேனியைக் கசக்கிக்கொண்டே வந்துவிடுவார். கடித்தது என்ன என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

கைவைத்தியத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் கொட்டகையிலும் மஞ்சள் டப்பா இருக்கிறது, வாசலில் சோற்றுக்கற்றாழை இருக்கிறது. ஆனால் மருந்துக்கு முன்னால் ஒரு கேள்வி வர வேண்டும். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

‘பூச்சி’ என்பது நம் பேச்சில் ரொம்பப் பெரிய குடை. கொசுவும் பூச்சி, குளவியும் பூச்சி. பொழுது சாய்ந்தபின் பாம்பின் பேரைச் சொல்லக் கூடாது என்று அதையும் ‘பூச்சி’ என்றே சொல்லும் வழக்கம் உண்டு. ‘பூச்சி பொட்டு இருக்கும், விளக்கு எடுத்துக்கிட்டுப் போ’ என்று பாட்டி சொன்னதில் தேளும் அடக்கம், பாம்பும் அடக்கம். வங்கியில் இருந்தபோது எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாத தொகையை ‘சஸ்பென்ஸ்’ கணக்கில் போட்டு வைப்போம். அதைச் சீக்கிரம் திறந்து பார்த்து உரிய கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். மறந்துவிட்டால் பின்னால் அதிலிருந்துதான் வம்பு கிளம்பும். ‘பூச்சிக்கடி’யும் அப்படி ஒரு கணக்குதான்.

எங்கள் நாவலூர் பக்கத்தைப் பாருங்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் நின்றால் கண்ணாடிக் கட்டடங்கள்தான் தெரியும். கொஞ்சம் உள்ளே தாழம்பூர், சிறுசேரி பக்கம் திரும்பினால் ஏரி, மிச்சம் இருக்கிற நிலம், மனை போட்டு விற்றபின் புதர் மண்டிக் கிடக்கும் காலி இடங்கள். எலியும் பாம்பும் தேளும் உண்ணியும் அங்கேதான் குடித்தனம். அடுக்குமாடிகளில் உயரத்தில் மலைத்தேனீ அடை கட்டுகிறது. நாமோ மருந்து அடிக்காத, மூடாக்கு போட்ட நிலத்தில் வெறுங்காலுடன் நடக்கிறவர்கள். உயிர்கள் நிறைய இருக்க வேண்டும் என்று விரும்பித்தான் இந்த விவசாயத்துக்கு வந்தோம். அவற்றில் எது என்ன செய்யும் என்று தெரிந்துகொள்வதும் நம் வேலைதான்.

கைவைத்தியம் போதுமான இடம்

நூற்றுக்குத் தொண்ணூறு கடிக்கு வீட்டு மருந்தே போதும். எறும்பு, கொசு, ஒன்றிரண்டு தேனீ அல்லது குளவிக் கொட்டு, கம்பளிப்பூச்சி எல்லாம் இந்த வரிசை.

தேனீ கொட்டினால் முதல் வேலை கொடுக்கை எடுப்பது. அதன் கொடுக்கில் முள் இருப்பதால் தோலிலேயே மாட்டிக்கொள்ளும். விஷப்பையும் கூடவே அறுந்து வந்து, தேனீ போன பிறகும் விஷத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். நகத்தால் கிள்ளி எடுத்தால் விஷம் பிதுங்கி உள்ளே போகும், கத்தியால் வழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று பல புத்தகங்களில் எழுதியிருந்தார்கள். 1996-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று, எடுக்கும் விதம் முக்கியமல்ல, வேகம்தான் முக்கியம் என்று காட்டியது. கத்தி தேடி ஓடாதீர்கள். விரல் நகமே போதும், உடனே எடுங்கள். குளவியும் கதண்டும் கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது. அதனால் ஒன்றே பலமுறை கொட்டும்.

அடுத்தது சோப்பும் தண்ணீரும். அதற்கடுத்தது குளிர்ச்சி. ஐஸ் இருந்தால் துணியில் சுற்றி, இல்லையென்றால் பானைத் தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வையுங்கள். வலியும் வீக்கமும் குறைய இதைவிடச் சுலபமான மருந்து கிடையாது. பிறகு கற்றாழைச் சோறு தடவலாம், எரிச்சல் அடங்கும். மஞ்சள் பற்றுப் போடலாம். கையில் மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிட வேண்டும்.

சுண்ணாம்பு விஷயம் கொஞ்சம் வேறு. தேனீ விஷம் அமிலம், சுண்ணாம்பு காரம், இரண்டும் சேர்ந்தால் சரியாகிவிடும் என்று விளக்கம் சொல்வார்கள். குளவிக்கு அதுவே தலைகீழாகி, புளி தடவு என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விஷம் தோலின் அடியில் இறங்கித் திசுவோடு கலந்துவிடுகிறது. மேலே தடவியது அங்கே போய்ச் சேராது. சேருவது சுண்ணாம்பின் எரிச்சல் மட்டும். மண்ணெண்ணெயும் அப்படித்தான், தோலைப் புண்ணாக்கும். சாணி பயிருக்கு அமிர்தம். ஆனால் தோல் கிழிந்த இடத்தில் அதை அப்பினால் ரணஜன்னிக் கிருமிக்கு வாசல் திறந்து விடுகிறோம்.

குப்பைமேனி இலையை மஞ்சளோடு அரைத்து மேலே பூசுவது பழைய வழக்கம். பூசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளுக்குக் குடித்தால் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து போகும். இலங்கையில் இது மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. அந்தக் குறை நமக்கு இருக்கிறதா இல்லையா என்று நம்மில் யாரும் பரிசோதித்துப் பார்த்ததில்லை.

கம்பளிப்பூச்சி பட்டால் தேய்க்கவே கூடாது. முருங்கை மரத்தண்டில் கூட்டமாக அப்பிக் கிடக்குமே, அதன் மயிர்தான் அரிப்புக்குக் காரணம். துணியோ இலையோ வைத்துத் தேய்த்தால் இன்னும் ஆழமாக இறங்கும். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி உரித்தால் மயிர் அதோடு வந்துவிடும். பிறகு கழுவிவிட்டுக் குளிர்ந்த துணி வையுங்கள்.

கடிக்காமலேயே புண்ணாக்கும் ஒன்றும் நம் வயலில் இருக்கிறது. கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி வரும், எறும்பு மாதிரி மெலிந்த சின்ன வண்டு. ரோவ் வண்டு என்பார்கள். நெல்லில் புகையானைப் பிடித்துத் தின்னும் நண்பன் இது. ராத்திரி விளக்கு வெளிச்சத்துக்கு வரும். கழுத்தில் ஊரும்போது பட்டென்று அடித்து நசுக்கினால் அதன் உடலில் உள்ள நஞ்சு தோலில் பட்டு, மறுநாள் தீக்காயம் மாதிரி கோடாகக் கொப்பளிக்கும். காலையில் பார்த்துவிட்டு ‘பூச்சி கடிச்சிடுச்சு’ என்போம். ஊதித் தள்ளிவிட்டு, ஊர்ந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினால் ஒன்றும் ஆகாது.

உடம்பு முழுக்கப் பரவினால்

கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் பயமில்லை. கொட்டியது கையில், தடிப்பு வயிற்றிலும் முதுகிலும் என்றால் கதை வேறு. உதடு, நாக்கு வீங்குவது, குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, வாந்தி, தலைசுற்றி உட்கார்ந்துவிடுவது எல்லாம் ஒவ்வாமை முற்றியதன் அடையாளம். சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். இதற்கு மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான். துளசிச் சாறும் செட்டிரிசின் மாத்திரையும் அந்த நேரத்தில் ஈடாகாது. 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு இழுத்தால் மட்டும் சாய்த்து உட்கார வைக்கலாம். ஒரு தடவை இப்படி ஆனவருக்கு மறுபடியும் ஆகலாம். அவரைத் தேன் எடுக்கவோ கதண்டுக் கூட்டுப் பக்கமோ அனுப்பக் கூடாது.

ஒவ்வாமை இல்லாதவருக்கும் கொட்டுகளின் எண்ணிக்கை முக்கியம். பனை ஏறும்போது கதண்டுக் கூடு கலைந்தோ, மலைத்தேனீ மொத்தமாகத் துரத்தியோ உடம்பெல்லாம் கொட்டினால், அப்போது தெம்பாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். அவ்வளவு விஷம் சேர்ந்தால் தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாகும். அது தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகலாம். துரத்தும்போது கையை வீசி அடிக்காதீர்கள். நசுங்கிய தேனீயிலிருந்து வாழைப்பழம் மாதிரி ஒரு வாசனை கிளம்பும். மற்ற தேனீக்களுக்கு அது ‘இங்கே வா’ என்ற அழைப்பு. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடி, ஒரு அறைக்குள் புகுந்து கதவைச் சாத்துவதே வழி.

தேள்: கொடுக்கைப் பார், வாலைப் பார்

மூடாக்கைப் புரட்டும்போதும், தென்னை மட்டை, செங்கல் அடுக்கைக் கலைக்கும்போதும் தேளைப் பார்க்காதவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். பெரிய கருந்தேளைக் கண்டால் அலறுவோம். ஆனால் தடித்த முன்கொடுக்கும் மெலிந்த வாலும் உள்ள தேளுக்குப் பொதுவாக விஷம் குறைவு. வலி இருக்கும், ஆனால் அநேகமாக உயிருக்கு ஆபத்து வராது. முன்கொடுக்கு மெலிந்து வால் தடித்திருக்கும் சின்னச் செந்தேள்தான் இந்தியாவில் ஆளைக் கொல்வது. குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

இந்தத் தேளைப் புரிந்துகொண்டவர் ஒரு கிராமத்து டாக்டர். மகாராஷ்டிரத்தில் கொங்கண் பகுதியில் மஹாட் ஊரைச் சேர்ந்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர். 1976 வாக்கில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, செந்தேள் கொட்டியவர்கள் கண்ணெதிரே இறப்பதைப் பார்த்தார். வியர்த்துக் கொட்டும், வாந்தி வரும், கை கால் ஜில்லிடும், பிறகு நுரையீரலில் நீர் கோத்து மூச்சு நிற்கும். விஷம் ரத்தக் குழாய்களைச் சுருக்கி இதயத்தைத் திணற வைக்கிறது என்று கண்டுகொண்டு, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரையை 1980-களில் கொடுக்க ஆரம்பித்தார். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 30, 40 என்று இருந்த சாவு, ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆராய்ச்சிக் கூடம் எதுவும் இல்லாமல், நோயாளியின் பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தே கண்டுபிடித்தது இது. வயலைப் பார்த்தே விவசாயம் கற்கும் நமக்கு அவரைப் பிடிக்காமல் போகாது.

அந்த மாத்திரையை நாமே வாங்கி வைத்துக் கொடுக்கக் கூடாது, டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். நாம் செய்ய வேண்டியது, கொட்டிய இடத்துக்குக் குளிர்ச்சி வைத்துவிட்டு ஆளைக் கவனிப்பது. வலியை மட்டும் வைத்து அளக்காதீர்கள். வியர்வை, வாந்தி, ஜில்லிட்ட கை கால் ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும், கொட்டுப்பட்டது குழந்தை என்றாலும், நவச்சாரமும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டு உட்காராமல் வண்டியை எடுங்கள்.

வலிக்காத கடி

இரண்டு வருஷத்துக்கு முன் பக்கத்து நிலத்தில் களை எடுக்க வரும் அம்மா ஒருவருக்கு ஐந்தாறு நாளாகக் காய்ச்சல். மாத்திரை வாங்கிச் சாப்பிட்டும் நிற்கவில்லை. தலைவலி, உடம்பு வலி. என் மனைவியிடம் பேச்சுவாக்கில், “இடுப்பாண்ட ஏதோ பூச்சி கடிச்சு கறுத்துப் போச்சுக்கா, வேப்பிலை அரைச்சுப் போட்டிருக்கேன்” என்றார். பார்த்தால் சிகரெட்டால் சுட்டது மாதிரி ஒரு கறுத்த பொருக்கு. வலி கிடையாது, அரிப்பும் கிடையாது. காய்ச்சலையும் இந்தப் பொருக்கையும் அவர் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. கூச்சத்தால் மருத்துவரிடமும் காட்டவில்லை.

அதுதான் ஸ்க்ரப் டைஃபஸ், நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும். கடிக்கும்போது பெரும்பாலும் தெரியாது. பொருக்கு எல்லோருக்கும் வராது. வந்தாலும் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் என்று மறைவான இடத்தில்தான் வரும். மழையும் பனியும் உள்ள மாதங்களில் அதிகம். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், வேலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் இது கூடுதலாக இருப்பதாகப் பொது சுகாதாரத் துறை எச்சரித்தது.

சொல்லிக் காட்டினால் வைத்தியம் எளிது. டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரை, டாக்டர் சொல்லும் நாள்வரை. அந்த அம்மாவுக்கு இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. விட்டுவிட்டால் நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். அப்படி முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினோடு அஸித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுத்தால் கூடுதல் பலன் உண்டு என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையில் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. ஆகவே, காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போனால், “நான் வயலில் வேலை செய்கிறேன், உடம்பில் ஒரு கறுத்த புண் இருக்கிறது” என்ற இரண்டையும் நீங்களாகவே சொல்லுங்கள். வீட்டுப் பெண்களிடமும் கேட்டுப் பாருங்கள், மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ராத்திரி கடித்த ‘பூச்சி’

எல்லாவற்றிலும் மோசமான ஏமாற்றுக்காரன் கட்டுவிரியன். ராத்திரியில் எலியையும் பிற பாம்பையும் தேடி வீட்டுக்குள் வரும். தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் எறும்பு கடித்த அளவுக்குத்தான் சுருக்கென்று இருக்கும். வீக்கம் இருக்காது, பல் பதிந்த தடம்கூடத் தெரியாமல் போகும். ‘ஏதோ பூச்சி’ என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி. பிறகு கண் இமை தூக்க முடியாமல் தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு விடும் தசையும் ஓய்ந்துவிடும். ராத்திரி தரையில் படுத்தவர் காலையில் காரணமில்லாத வயிற்றுவலி என்று சொல்லி, இமையும் சொக்கினால் கட்டுவிரியன் கடி என்றே வைத்துக்கொண்டு ஓடுங்கள்.

இந்தியாவில் 2000-லிருந்து 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பதாக 2020-இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்கு 58,000 பேர். பெரும்பாலோர் நம்மைப் போன்ற கிராமத்து உழவர்கள், கூலியாட்கள். தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது.

இதற்கு மருந்து எங்கிருந்து தொடங்குகிறது தெரியுமா? நாவலூரிலிருந்து கோவளம் தாண்டினால் வடநெம்மேலி. 1978-இல் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் கொண்டுதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. இந்தச் சமூகத்தின் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மூலிகை தெரியாத சனம் அல்ல அவர்கள். செங்கல்பட்டு அருகே தண்டரையில் இருளர் பெண்கள் மூலிகைத் தோட்டமே வைத்து நடத்துகிறார்கள். மூலிகையும் தெரிந்து, பாம்பும் தெரிந்தவர்கள் எடுத்துக் கொடுக்கும் விஷத்தில் உருவான ஊசியை விட்டுவிட்டு, சிறியாநங்கையையும் தும்பைச் சாற்றையும் நம்பி ஒரு மணி நேரத்தை இழக்கலாமா?

கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், பாம்பைத் தேடிப் போகாதீர்கள். கடிபட்ட கை காலை அசையாமல் மட்டை வைத்து, கொலுசு மோதிரத்தைக் கழற்றி, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எங்கள் பக்கத்தில் கடைசி நம்பிக்கை செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. உங்கள் ஊருக்கு எது, எத்தனை நிமிடம் என்று கடிபடுவதற்கு முன்பே தெரிந்து வையுங்கள்.

கொட்டகைச் சுவரில் எழுத வேண்டியவை

மூடாக்கையும் மட்டையையும் கையால் புரட்டாமல் குச்சியால் புரட்டலாம். விறகு, செங்கல் அடுக்கைப் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி வைக்கலாம். தானிய மூட்டை இருக்கும் இடத்துக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். கட்டிலும், ஓரம் செருகிய கொசுவலையும் கொசுவுக்கு மட்டுமல்ல, கட்டுவிரியனுக்கும் வேலி. செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள், புதரில் இறங்கினால் கம் பூட்ஸ் போடுங்கள், வந்ததும் உடுப்பை மாற்றிக் குளியுங்கள். மாலை வேலைக்கு, 100 மில்லி தேங்காயெண்ணெயில் 2 மில்லி வேப்பெண்ணெய் கலந்து கை காலில் தடவிக்கொள்ளலாம். கொசுவுக்கு இது நல்ல பாதுகாப்பு என்று டெல்லி மலேரியா ஆராய்ச்சி மையத்தின் ஆய்விலேயே தெரிந்தது. தடவ மட்டும்தான், உள்ளுக்கு வேண்டாம்.

அப்புறம் நாலே கேள்வி. எங்கள் கொட்டகையில் சுண்ணாம்புச் சுவரில் கரியால் எழுதியிருக்கிறேன். நீங்களும் எழுதி வையுங்கள்.

ஒன்று: கடித்தது என்ன, கண்ணால் பார்த்தாயா?

இரண்டு: எப்போது, எத்தனை இடத்தில்?

மூன்று: கடித்த இடத்தைத் தாண்டி உடம்பில் வேறு என்ன மாற்றம்? தடிப்பு, மூச்சு, வாந்தி, வியர்வை, இமை, வயிற்றுவலி, காய்ச்சல்?

நான்கு: எது கடித்தது என்று தெரியவில்லையா? ராத்திரி நேரமா? கடிபட்டது குழந்தையா? அப்படியானால் 108.

இந்த நாலுக்கும் பதில் கிடைத்து, பயமில்லை என்று தெரிந்தபின் மஞ்சளை அரையுங்கள், கற்றாழையைக் கீறுங்கள். வேலைக்கு வருகிறவர்களிடமும் ஒருநாள் டீ நேரத்தில் இதைப் பேசுங்கள். வயலில் அதிகம் கடிபடுகிறவர்கள் அவர்கள்தான்.